வாய்ச் சத்தம்

ஒருவர் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி முடித்துவிட்டால், கொஞ்ச நாளைக்கு அவர் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஸ்டோர்க்காரர் வீட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லாரும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஆளைக் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய், ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டியைக் காட்டுவார். உள்ளே கம்ப்யூட்டரின் நினைவுக்கான ரேம் பட்டைகள் நாலு வரிசையாக நின்று வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு நீலம், இரண்டு சிவப்பு.

"சத்தம் ஏதாவது கேக்குதா?" என்பார்.

வந்தவர் பாவம், காதைத் தீட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இல்லியே" என்பார்.

"அதான் விஷயமே!" என்று தன் தொடையில் தானே ஓங்கி அடித்துக்கொள்வார்.

சத்தம் கேட்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி புத்தகம் வாசிக்கிறவள். கண் தெரியாதவர்கள் கேட்பதற்காகக் கதைகளை முழுக்க வாசித்துப் பதிவு செய்யும் ஒரு சின்ன நிலையத்துக்கு, வீட்டிலிருந்தபடியே வாசித்துக் கொடுத்தாள். பொருள்கள் போட்டு வைத்திருந்த உள்ளறையில் நாலு சுவரிலும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசிப்பாள். கிழவன் பேசினால் கிழவன் குரல், குழந்தை பேசினால் குழந்தை குரல். வெளியே இருந்து கேட்டால் உள்ளே ஒரு குடும்பமே சண்டை போடுவது போல இருக்கும். பழைய கம்ப்யூட்டர் ரைஸ் மில் மாதிரி இரைந்து அந்தக் குடும்பத்தையே அமுக்கிவிட்டதால், சத்தமே இல்லாத புதிய பெட்டி ஒன்றை நானே கட்டித் தருகிறேன் என்று ஸ்டோர்க்காரர் இறங்கினார்.

ஸ்டோர்க்காரர் என்றால் கடைக்காரர் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பு. பொருத்தம் பார்ப்பதில் ஆள் பெரிய கறார். மெக்கானிக் எவராவது வந்து "சார், இந்த ரோலர் அந்த லிஃப்டுக்கும் சேரும் சார், பாக்க அப்படியே இருக்கு" என்று நின்றால் முடிந்தது கதை. "பாக்க அப்படியே இருந்தா போதுமா? கதவு நடு வழியில சிக்கி உள்ள நிக்கிறவன் நாலு மாடி அந்தரத்துல தொங்கும்போது அவன்கிட்டப் போய், பாக்க அப்படியேதான் இருந்துச்சுன்னு சொல்லு" என்று விரட்டிவிடுவார். அந்தக் கம்பெனியில் அவரைத் தாண்டி ஒரு தவறான திருகாணி வெளியே போனதில்லை.

இவ்வளவு கறாரான மனிதர் தன் வீட்டில் என்ன செய்தார் என்பதுதான் கேவலம்.

ரேம் வாங்கும் நேரம் வந்தபோது மனைவியின் தம்பி போனில் ஆயிரம் சொன்னான். அவனும் இரண்டு மூன்று பெட்டி கட்டியவன். "மாமா, ஒரே டப்பாவுல ஜோடியா வர்ற ரெண்டை வாங்குங்க. அது போதும். போர்டோட கையேட்டுல எந்த ரெண்டு ஸ்லாட்டுல போடணும்னு இருக்கும், அதுல போடுங்க. பழைய மெஷின்ல இருந்து கழட்டுன ரேமை மட்டும் கூடச் சேத்துடாதீங்க."

"ஏன், அதுவும் இதே தலைமுறைதானே? அடியில இருக்கிற வெட்டும் அதே இடத்துல இருக்கு. அழகா உள்ள உக்காருது."

"உக்காரும் மாமா. ஆனா வேகம் வேற, கம்பெனி வேற. ஒத்துப் போச்சுன்னா நம்ம அதிர்ஷ்டம். போகலைன்னா எப்பவாவது ஒரு தடவை எதையாவது தப்பா ஞாபகம் வெச்சுக்கும். மெஷின் நிக்காது, ஓடிக்கிட்டேதான் இருக்கும். நமக்குத் தெரியவே தெரியாது. அதுதான் ஆபத்து."

"மாப்ள, நான் பொருத்தம் பாத்தே தலை நரைச்சவன். ரெண்டு ஸ்லாட்டைக் காலியா விட்டா பல்லு போன வாய் மாதிரி அசிங்கமா இருக்குடா."

மைத்துனன் சிரித்துவிட்டு, "சரி, கலந்தாலும் கலங்க. மெமரி டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதை மட்டும் முழுசா ஓட விட்டுடுங்க. அரை நாள் ஆனாலும் பரவால்ல" என்றான்.

ஸ்டோர்க்காரர் டெஸ்டை ஓட விட்டார். டீ போட்டுக்கொண்டு வந்து, ஆறுவதற்குள் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தார். அதுவரை ஒரு பிழையும் வரவில்லை. நல்ல ரேம் என்பது முதல் வாய் டீயிலேயே தெரிந்துவிடும் என்று எங்கே படித்தாரோ, பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தியதோடு விடாமல், எல்லா ரேமையும் அதிகபட்ச வேகத்தில் ஓடும்படி அமைத்தும் வைத்தார். "டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று மைத்துனனுக்குச் செய்தி அனுப்பினார்.

மனைவி புதுப் பெட்டியில் ஒரு பெரிய குடும்ப நாவலை வாசிக்கத் தொடங்கினாள். முதல் சில அத்தியாயங்கள் போய்ச் சேர்ந்ததும் நிலையத்திலிருந்து எடிட்டர் கூப்பிட்டாள். வாசித்து வரும் பதிவுகளையெல்லாம் கேட்டுத் திருத்துகிற பெண் அவள். ஸ்டோர்க்காரரின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, குரல் அருமையா இருக்கு. ஆனா அங்கங்க டக், டக்னு ஒரு சத்தம் வருது. வாய்ச் சத்தம்னு நெனைக்கிறேன். நாக்கு காஞ்சு போனா வருமே, அது. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் படிங்களேன்."

மனைவி தண்ணீர் குடித்தாள். நாக்கு காயாமல் இருக்க ஆப்பிள் கடித்துவிட்டு வாசித்தாள். வாசிப்பதற்கு முன்னால் காபியை விட்டாள், அப்புறம் காபியையே விட்டாள். டக் போகவில்லை. வராத நாளும் உண்டு. வந்தால் ஒரே பக்கத்தில் மூன்று முறை வரும்.

இந்த இடத்தில்தான் ஸ்டோர்க்காரர் தன் மூக்கை நுழைத்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெரிய சங்கீத விமர்சகர் மாதிரி தலையைச் சாய்த்து அந்த டக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மனைவியை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் வரிசையில், சிரித்தால் தெரிகிற இடத்தில், அவளுக்கு ஒரு கட்டுப்பல் இருந்தது. இரு பக்கத்துப் பற்களோடும் சேர்த்துப் பிடித்துக் கட்டியது.

"இதான்" என்றார்.

"அது கட்டி எவ்வளவு காலம் ஆச்சு! இத்தனை நாள் வராத சத்தமா?"

"இத்தனை நாள் பழைய மெஷின் இரைச்சல்ல அது கேக்கல. புது மெஷின் அவ்வளவு துல்லியம். உன் நாக்கு அந்தப் பல்லுல பட்டுப் பட்டு எடுக்குது. டெக்னிக்கலாப் பாத்தா வேற எதுவும் இருக்க முடியாது."

டெக்னிக்கலாக என்ற சொல்லை அவர் சொல்லும்போது வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. மனைவியும் அன்றிலிருந்து நாக்கு அந்தப் பல்லின் மீது படாமல் வாசிக்கப் பழகினாள். வாயை முழுசாகத் திறக்காமல், சொற்களை நடுவிலேயே நிறுத்தி உருட்டினாள். கிழவனும் குழந்தையும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்தார்கள். "குரல்ல உயிரே இல்லியேக்கா, உடம்பு சரியில்லையா?" என்று எடிட்டர் கேட்டபோது அவள் அழுகையை அடக்கிக்கொண்டு போனை வைத்தாள். இந்த நாவலைத் தன்னால் முடிக்க முடியாது, வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லலாம் என்றாள். அப்புறம் அவளே, "பல்லை எடுத்துட்டு ஒரு தடவை படிச்சுப் பாத்துடறேன். அப்பவும் வந்தா விட்டுடறேன்" என்றாள். பல் டாக்டரிடம் நேரமும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்தின நாள் ஸ்டோர்க்காரருக்கு விடுமுறை. மனைவி கடைத்தெருவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"எடிட்டர் பொண்ணு, ஆள் இல்லாத அறையோட சத்தம் கொஞ்சம் வேணும்னு கேட்டிருக்கா. வெட்டுன இடத்துல ஒட்டறதுக்காம். பதிவைப் போட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். அது முடிஞ்சதும் ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பிடுறீங்களா?" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் கேட்டார். ஒன்றும் இல்லாத சத்தம். போர்வைகளும் காலி நாற்காலியும் இருக்கிற அறையின் மெல்லிய உஸ். அந்த உஸ்ஸின் நடுவில், பளிச்சென்று, ஒரு டக்.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி அறையைச் சுற்றிப் பார்த்தார். பல்லியாக இருக்கக் கூடாதா என்று மனசு கெஞ்சியது. போர்வைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பல்லியும் இல்லை, பூச்சியும் இல்லை. திரையில் ஒலி அலையின் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். நாக்கோ நாற்காலி மரமோ எழுப்புகிற சத்தம் என்றால் மேடு போல ஏறி இறங்கும். இது அப்படி இல்லை. ஒரே ஒரு புள்ளி மட்டும் திடீரென்று உச்சிக்குப் போய்த் திரும்பியிருந்தது. அந்தப் பதிவைப் பிரதி எடுத்துக் கேட்டார். பிரதியில் இன்னொரு இடத்தில், புதிதாக இன்னொரு டக்.

பிரதி எடுக்கும்போது வாய் எங்கிருந்து வந்தது?

அன்றைக்கு அவர் மெமரி டெஸ்டை ஓட விட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். டீ போடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்தது. அது போதாதென்று இன்னொன்று, அப்புறம் கொத்தாக. திரை முழுக்கச் சிவந்துபோனது. பழைய இரண்டு ரேமையும் கழற்றிவிட்டு மறுபடி ஓட விட்டார். ஒரு வரிகூட வரவில்லை. அவருக்குக் காது மடல் வரை சுட்டது. யாரும் இல்லாத வீட்டில், யாரோ பார்த்துவிட்டது போல முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். டார்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்த்தது நினைவுக்கு வந்தது. கிடங்கில் மெக்கானிக்குகளை விரட்டியதெல்லாம் வரிசையாக வந்தது.

மனைவி திரும்பி வந்தபோது திரையை அணைத்துவிட்டார்.

சொல்லிவிட வேண்டியதுதான். அதில் சந்தேகம் இல்லை. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று தள்ளி வைத்தார். சாப்பிட்ட பிறகு அவள் தம்பி போன் செய்துவிட்டான். அவன் காதில் விழுந்தால் மானம் போய்விடும் என்று தள்ளினார். போனை வைத்ததும் அவள், "நாளைக்கு எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். இப்போது சொன்னால் இத்தனை நாள் பயத்துக்கும் சேர்த்துக் கேட்பாள் என்று பயந்து, "இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா?" என்றார். டாக்டரே பார்த்துவிட்டு எடுக்க வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டால் தான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இந்த யோசனை வந்ததும் அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் தெம்பு வந்தது. மனுஷன் எதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்குவான் என்பதற்கு அளவே இல்லை.

டாக்டர் பார்த்தார். ஒரு கம்பியால் அந்தப் பல்லைத் தட்டினார், அசைத்தார்.

"இது நல்லா உறுதியா இருக்கேம்மா. துளி அசையல. எடுக்கணும்னா வெட்டித்தான் எடுக்கணும். அப்புறம் மறுபடி கட்டறதுக்குப் பக்கத்துப் பல்லு ரெண்டும் தாங்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. சத்தம் இதுல இருந்துதான் வருதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

அவள் நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணை மட்டும் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். "இவர் நல்லா ஆராய்ஞ்சு பாத்துட்டார் டாக்டர். இந்த மாதிரி விஷயத்துல இவர் ரொம்பக் கரெக்ட்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் டாக்டர், உதவிக்கு நின்ற பெண், நாற்காலியில் மனைவி, இந்த மூன்று முகங்களுக்கும் முன்னால் 'அது ரேம்' என்று எப்படிச் சொல்வது? நேற்றே தெரியுமா என்று கேட்டால்? ஸ்டோர்க்காரர் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக ஒரு தடவை. அவ்வளவுதான். அதன் பிறகு அந்த அறையில் நடந்ததை அவர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. மனசு அந்தப் பக்கம் போனால் வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

காயம் ஆறியதும் மனைவி வாசிக்க உட்கார்ந்தாள். டக் வரவில்லை. அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினாள், சுத்தம். எடிட்டர் கூப்பிட்டுச் சந்தோஷத்தில் குதித்தாள். மனைவி போனை வைத்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் இதை விட்டே போயிருப்பேன். ரொம்ப நன்றிங்க" என்றாள்.

"அட, இதுல என்ன இருக்கு" என்றார் ஸ்டோர்க்காரர்.

சொன்ன உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. நன்றி என்பது ஒரு தடவை வாங்கிக்கொண்டால் தொடர்ந்து வரும் போலிருக்கிறது. சாப்பிடும்போது அவருக்கு நல்ல துண்டாக எடுத்து வைத்தாள். "மாமா சொன்னா அது சரியாத்தான்டா இருக்கும்" என்று தம்பியிடம் போனில் பெருமை அடித்தாள். "ஏங்க, ரெண்டு விளக்கு எரியலியே?" என்று பெட்டியைப் பார்த்து ஒரு நாள் கேட்டாள். "அது தேவைப்படல, எடுத்துட்டேன்" என்று மழுப்பினார். ஒரு பக்கமாகவே மென்று தின்றாள். பக்கத்து வீட்டில் ஏதோ நகைச்சுவை பேசி எல்லாரும் சிரித்தபோது அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். முன்னால் அவள் அப்படிச் சிரிக்கிறவள் இல்லை. அந்தக் கை மேலே போவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டோர்க்காரர் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

கிடங்கிலும் அவர் வாய் செத்துப்போனது. ஒரு மெக்கானிக் வந்து, "சார், இந்தக் கதவு ரோலர் அதுக்கும் சேரும்னு நெனைக்கிறேன், பாக்க அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். ஸ்டோர்க்காரர் சரியான ரோலரைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். "சாருக்கு உடம்பு சரியில்ல போல" என்று அவன் வெளியே போய்ச் சொன்னது காதில் விழுந்தது. மனைவியிடம் உண்மையைச் சொல்லப் பத்து தடவையாவது ஒத்திகை செய்திருப்பார். கண்ணாடி முன்னால் நின்றால் நன்றாகவே வந்தது.

நாவல் முடிந்ததும் நிலையத்தில் வாசிப்பவர்களை எல்லாம் ஒரு நாள் மதியம் கூப்பிட்டார்கள். பெரிய விழா ஒன்றும் இல்லை. ஒரு நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பிஸ்கட், டீ. குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்றதால் ஸ்டோர்க்காரரும் போனார். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "நீங்க வராம எப்படி?" என்று மனைவி விடவில்லை.

எடிட்டர் எழுந்து, நாவலை எல்லாரும் எவ்வளவு ரசித்துக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, "அக்கா நடுவுல ஒரு பிரச்சினையில மாட்டி, விட்டுடலாம்னே இருந்தாங்க. எப்படிச் சமாளிச்சாங்கன்னு அவங்களே சொல்லட்டும்" என்று உட்கார்ந்தாள். மனைவி கூச்சத்தோடு எழுந்து வாய்ச் சத்தக் கதையைச் சொன்னாள். வழக்கம் போலக் கையால் வாயை மறைத்து மறைத்துத்தான் சொன்னாள். தன் வீட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று வரும்போது மட்டும் கையை எடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னாள். ஸ்டோர்க்காரர் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

மேசையின் கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். வயது இருபதுக்குச் சற்று மேல் இருக்கும். பளிச்சென்று ஒரு தெத்துப்பல். அவள் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"அக்கா, எனக்கும் அதே மாதிரி டக்னு வருது. நானும் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன், போகல. இந்தப் பல்லுனாலதான் இருக்குமோ? நானும் எடுத்துடலாமான்னு..."

"இவரையே கேளும்மா" என்று மனைவி கணவரைக் காட்டினாள். "எனக்கு என்ன தெரியும்? இவருக்குத்தான் டெக்னிக்கலாத் தெரியும்."

மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண் உதட்டை மடித்துப் பல்லை மூடிக்கொண்டு, அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தாள். தலையை ஆட்டினாலும் போச்சு, ஆட்டாமல் மழுப்பினாலும் போச்சு. அவள் போய் எடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

ஸ்டோர்க்காரர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

"எடுக்காதேம்மா" என்றார். "பல்லுல ஒண்ணும் இல்ல. இவ பல்லுலயும் ஒண்ணும் இல்ல. அது ரேம்."

யாருக்கும் புரியவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். புது ரேமோடு பழைய ரேமைக் கலந்தது, வேண்டாம் என்று சொன்ன மைத்துனனைக் கேலி பேசியது, டெஸ்டைப் பாதியில் நிறுத்திவிட்டு முழுசாகச் செய்ததாகப் பொய் சொன்னது, கம்ப்யூட்டர் தப்பாக நினைவில் வைத்ததைத் தன் பெண்டாட்டியின் வாயில் போட்டது. ஆள் இல்லாத அறையின் பதிவிலும் டக் இருந்ததைச் சொன்னார். சிவப்பு வரிகளைச் சொன்னார். பழைய ரேமைக் கழற்றியதால்தான் சத்தம் நின்றது, பல்லை எடுத்ததால் இல்லை என்றார். "உன் மெஷின்ல யாராவது ரேம் மாத்துனாங்களான்னு மொதல்ல கேளு. டெஸ்டை முழுசா ஓட விடு. பல்லு மேல கை வெக்காதே" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

பிறகு எடிட்டர்தான் எழுந்து வந்து அவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். "நானும்தானே சார் வாய்ச் சத்தம்னு சொன்னேன். இத்தனை பேர் முன்னாடி எழுந்து சொன்னீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பெண் கண்ணில் தண்ணீரோடு நன்றி சொன்னாள். ஸ்டோர்க்காரருக்கு உடம்பு லேசானது போல இருந்தது. டீயைக்கூடக் குடித்தார்.

மனைவி மட்டும் அவர் பக்கம் வரவில்லை. கூட்டம் முடியும் வரை எல்லாரிடமும் நன்றாகவே பேசினாள்.

திரும்பும்போது பேருந்தில் இடம் இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவர் பக்கத்தில். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார். அவள் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்த ஆள் இல்லாத அறைப் பதிவை நீங்க கேட்டது என்னிக்கு?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"ஞாபகம் இல்ல... ஒரு லீவு நாள்."

"நான் கடைத்தெருவுக்குப் போனேன். மறுநாள் டாக்டர்கிட்டப் போறோமே, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் வெளிய போக முடியாதேன்னு எல்லாம் வாங்கி வெக்கப் போனேன்."

அவர் கையிலிருந்த டிக்கெட்டைச் சின்னதாக மடித்தார்.

"அப்போ டாக்டர் கேக்கும்போதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தலையாட்டுனீங்க."

"ஆமா."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவள் இப்போது அவர் பக்கம் திரும்பினாள். கையால் வாயை மறைக்கவில்லை.

"ஊசி போடும்போது நான் உங்க கையைப் புடிச்சுக்கிட்டேன். உங்க கை ஐஸ் மாதிரி இருந்துச்சு, நடுங்குச்சு. எனக்காகப் பயப்படறீங்கன்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க தைரியமா இருங்கன்னு நான் உங்களுக்குச் சொன்னேன்" என்றாள்.

ஸ்டோர்க்காரருக்கு அது நன்றாக நினைவிருந்தது. அந்தக் கூட்டத்தில் அவ்வளவும் சொன்னவர், டாக்டர் அறையில் நடந்ததை மட்டும்தான் சொல்லாமல் விட்டிருந்தார்.